பாட்டை மூடும் பேஸ்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டில் வைத்துக் கேட்கும் ஸ்பீக்கர்களில் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, அளவுக்கு மீறி ஒலிப்பதைப் பற்றி இம்முறை ஐந்து வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். முதலாவது கேள்வியில் மற்றவற்றுக்கான அடிப்படையும் இருப்பதால் அதற்கே கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (கோண்டாவில் வாசகர்): ஐயா, நிலத்தில் நிற்கும் வகையைச் சேர்ந்த பெரிய ஸ்பீக்கர் சோடி ஒன்றைப் பல வருடங்களாக எங்கள் பழைய ஓட்டு வீட்டு ஹோலில் வைத்துக் கேட்டு வந்தோம்; ஒரு குறையும் இருக்கவில்லை. இப்போது புது வீட்டில் 12 அடிக்கு 12 அடி அறையில், இரண்டு மூலைகளிலும் வைத்திருக்கிறேன். உயரம் 10 அடி. மேலே கொங்கிறீற் தட்டு, கீழே ரைல்ஸ். இங்கே மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) அடிகள் ஒன்றோடொன்று குழம்பிக் கும்மென்று அறையை நிறைக்கின்றன. பாடுபவரின் சொல் விளங்கவில்லை. அலுமாரிக் கண்ணாடியும் அதிர்கிறது. பேஸ் குமிழைக் குறைத்தால் பாட்டு உயிரற்றுப் போகிறது. இவற்றை விற்றுவிட்டுச் சிறிய ஸ்பீக்கர் வாங்குவதுதான் வழியா?

பதில்: விற்க வேண்டாம். அதே ஸ்பீக்கர், அதே அம்பிளிபயர், அதே பாட்டு. மாறியது அறை மட்டுந்தான். நீங்கள் கேட்கும் மிகைப் பேஸின் பெரும் பகுதியை உண்டாக்குவது உங்கள் புதிய அறையே.

பழைய வீட்டில் ஓடுகளின் இடைவெளியாலும், திறந்த யன்னல்களாலும், முற்றத்தாலும் தாழ்ந்த ஒலி தாராளமாக வெளியேறிக்கொண்டிருந்தது. பலகைச் சீலிங்கும் மெல்லிய கதவுகளும் தாமும் சிறிது அதிர்ந்து அந்தச் சக்தியில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொண்டன. கொங்கிறீற்றும் பூசிய கல்லுச் சுவரும் அப்படி விட்டுக்கொடுப்பவை அல்ல. தம்மீது படும் தாழ்ந்த ஒலியில் ஏறத்தாழ முழுவதையும் அறைக்குள்ளேயே திருப்பி அனுப்பிவிடுகின்றன. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்குப் பரிவுக் குழாய்ப் பரிசோதனை நினைவிருக்கும்: இசைக்கவையை அதிரவைத்துக் குழாயின் வாயருகே பிடித்து, நீர் மட்டத்தை மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டு போனால், ஒரு குறித்த நீளத்தில் மட்டும் குழாய் திடீரெனப் பெரிதாக ஒலிக்கும்; இதுவே பரிவு. உங்கள் அறையும் இரு புறமும் மூடிய ஒரு பெரிய குழாயே. நமது வெப்பநிலையில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் செல்கிறது. 12 அடி என்பது 3.66 மீற்றர், போய்த் திரும்பும் தூரமான 7.32 மீற்றரால் 349ஐ வகுத்தால் 48 ஹேட்ஸ், அதாவது செக்கனுக்கு 48 அதிர்வு, வருகிறது. அந்த மீடிறனில் உங்கள் அறை தானாகவே ஒலிக்கும். நீளமும் அகலமும் சமமாக இருப்பதால் இரண்டு திசைகளின் பரிவும் அதே 48இல் ஒன்றின் மேல் ஒன்றாக விழுகின்றன. 10 அடி உயரத்துக்குரிய பரிவோ 57 ஹேட்ஸில் பக்கத்திலேயே நிற்கிறது. சதுர அறை ஒலிக்குப் பகை என்று சொல்வதன் காரணம் இதுவே. பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த கம்பி 41 ஹேட்ஸில் தொடங்குகிறது. அதற்குச் சற்று மேலே 49இல் உள்ள சுரம் வரும்போதெல்லாம் உங்கள் அறை சேர்ந்து பாடும். சில பாட்டுகள் நன்றாகவும், சில பாட்டுகளில் சில இடங்கள் மட்டும் தாங்க முடியாமலும் இருப்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

மூலை என்பது இந்தப் பரிவுகள் எல்லாவற்றையும் ஒருசேர எழுப்பும் இடம். ஸ்பீக்கருக்கு அருகில் ஒரு பெரிய பரப்பு வரும் ஒவ்வொரு முறையும் தாழ்ந்த ஒலி, கணக்குப்படி, 6 டெசிபெல் (ஒலி அளவின் அலகு) வரை கூடலாம். நிலம் ஒன்று, பின்சுவர் ஒன்று, பக்கச்சுவர் ஒன்று என மூன்று பரப்புகள் சந்திக்கும் இடத்தில் பெட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பேஸ் கூடிவிட்டது என்று பெட்டியை நோவதில் நியாயம் இல்லை. ஆகவே, ஒரு சதமும் செலவழிக்க முன்னர், இரண்டு பெட்டிகளையும் மூலையிலிருந்து வெளியே எடுங்கள். பின்சுவரிலிருந்து 3 அடி, பக்கச்சுவரிலிருந்து 2 அடி என்று வைத்துப் பாருங்கள். இரண்டு தூரங்களும் சமமாக இருக்கக் கூடாது, சமமானால் இரண்டு சுவர்களின் பாதிப்பும் ஒரே மீடிறனில் சேர்ந்துவிடும். அறை சிறியது, நடமாட இடம் வேண்டும் என்பீர்கள். கேட்கும் நேரத்தில் முன்னே இழுத்து, முடிந்ததும் பின்னே தள்ளி வைக்கலாம். நிலத்தில் சிறிய அடையாளம் ஒன்று இட்டுக்கொண்டால் ஒவ்வொரு நாளும் அளக்கத் தேவையில்லை.

அடுத்தது உங்கள் கதிரை. அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் 12 அடி அறையில் பெரும்பாலும் அது எதிர்ச்சுவரோடு ஒட்டித்தான் இருக்கும். சுவர்களுக்கிடையே போய்த் திரும்பும் ஒலி உண்டாக்கும் நின்ற அலையின் அமுக்கம் சுவரில்தான் அதிகம்; அறையின் நட்டநடுவில் அது ஏறத்தாழ இல்லாமலே போகும். இதை நம்பக் கடினமாக இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். கைத்தொலைபேசியில் ஒற்றை மீடிறனை ஒலிக்கச் செய்யும் இலவசச் செயலி ஒன்றை இறக்கி, அதை அம்பிளிபயரோடு இணைத்து, 48 ஹேட்ஸை மிகச் சிறிய சத்தத்தில் ஓடவிட்டு, ஸ்பீக்கர்கள் உள்ள சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை மெல்ல நடவுங்கள். எனது அறையில் முதன்முதலாக இதைச் செய்தபோது, சுவரோரத்தில் நெஞ்சுக்கூட்டைத் தொட்ட ஒலி நாலு எட்டு நடந்ததும் யாரோ நிறுத்திவிட்டதுபோல் மறைந்தது; செற் நின்றுவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தேன், வெளிச்சம் எரிந்துகொண்டுதான் இருந்தது; இன்னும் இரண்டு எட்டு வைத்ததும் ஒலி மறுபடி வந்தது. அன்றிலிருந்து எவருடைய வீட்டிலும் முதலில் நான் தொடுவது கதிரையைத்தான். கதிரைக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து அறை நீளத்தின் நூற்றுக்கு 38 பங்கு தூரத்தில் தலை இருக்கும்படி அமர்வது அனுபவத்தில் நல்ல தொடக்கம். உங்கள் அறைக்கு அது நாலரை அடி. அங்கிருந்து அரை அடி முன்னும் பின்னும் நகர்த்தி, உங்களுக்குப் பழக்கமான ஒரு கச்சேரிப் பதிவை ஓடவிட்டு, தொப்பியின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விளங்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

இவ்வளவும் செய்த பின்னரும் மிஞ்சினால் பெட்டியின் பின்னாலோ முன்னாலோ உள்ள வட்டத் துளையைக் கவனியுங்கள். 1930களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த அல்பேர்ட் துராஸ் காப்புரிமை பெற்ற முறை அது: அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பின் பின்பக்கத்து ஒலியை வீணாக்காமல், பெட்டியினுள் இருக்கும் காற்றையும் துளைக்குள் இருக்கும் காற்றையும் பரிவுறச் செய்து பேஸைக் கூட்டுவது. துளையைப் பஞ்சாலோ ஸ்பொஞ்சாலோ அடைத்தால் பெட்டி மூடிய பெட்டியாகிவிடும். 40 முதல் 60 ஹேட்ஸ் வரை பேஸ் பொங்குவது தணியும். அதற்குக் கீழே திறந்த பெட்டியின் ஒலி ஒரு ஸ்தாயிக்கு 24 டெசிபெல் என்று செங்குத்தாக விழும். மூடிய பெட்டியில் 12 டெசிபெல் என்று மென்மையாக இறங்கும். அதனால் பேஸ் குறைந்தாலும் இயல்பாகவே கேட்கும். தடித்த காலுறை ஒன்றை இறுக்கமாகச் சுருட்டி வைத்தாலே போதும். அதற்கு ஒரு நூல் கட்டி நுனியை வெளியே விட்டுக்கொள்ளுங்கள். உள்ளே விழுந்துவிட்டால் கூம்பைக் கழற்றித்தான் எடுக்க வேண்டிவரும். அடைக்க முன்னர் ரோர்ச் அடித்து உள்ளே பார்ப்பதும் நல்லது, நமது வீடுகளில் பல்லியும் குளவியும் இந்தத் துளைகளைக் குடியிருக்கும் இடமாக எடுத்துக்கொள்வதுண்டு.

பேஸ் குமிழைக் குறைத்தபோது பாட்டு உயிரற்றுப் போனதற்கும் காரணம் இருக்கிறது. உங்கள் அறையின் குறை 48ஐச் சுற்றிய ஒரு ஒடுங்கிய பகுதியில் மட்டும் உள்ளது. குமிழோ 100, 200 ஹேட்ஸ் வரையுள்ள அகன்ற பகுதி முழுவதையும் சேர்த்து வெட்டுகிறது. மிருதங்கத்தின் நாதமும் ஆண்குரலின் கனமும் அங்கேதான் வாழ்கின்றன. செயலியிலோ அம்பிளிபயரிலோ ஒரு குறித்த மீடிறனை மட்டும் தெரிந்து குறைக்கும் ஈக்வலைசர் இருந்தால், 48இல் ஒடுக்கமாக 5 அல்லது 6 டெசிபெல் குறையுங்கள். குறைக்கத்தான் வேண்டும், கூட்டக் கூடாது. கதிரை இருக்கும் இடத்தில் ஏதேனும் ஒரு சுரம் மறைந்துபோயிருந்தால், அதை ஈக்வலைசரால் கூட்டி நிரப்ப முயல்வது பயனற்றது. 10 டெசிபெல் கூட்டினால் அம்பிளிபயர் 10 மடங்கு வலுக் கொடுக்க வேண்டும், அதன் பின்னரும் அந்தச் சுரம் வராது, ஸ்பீக்கரும் வேகும்.

அலுமாரிக் கண்ணாடிக்கு வேறு மருந்து. 48 ஹேட்ஸை ஓடவிட்டபடி கண்ணாடியின் ஓரங்களை விரலால் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டு போங்கள். சத்தம் நிற்கும் இடத்தில் மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகிவிடுங்கள். ஸ்பீக்கரின் அடியில், நான்கு மூலைகளிலும், பழைய சைக்கிள் ரியூப்பை இரண்டு மூன்று மடிப்பாக வெட்டி வைத்தால் பெட்டியின் அதிர்வு நிலத்துக்கும் தளபாடங்களுக்கும் போவது குறையும்.

கேள்வி (மானிப்பாய் வாசகர்): சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் பேஸ் குறையும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: குறையாது. 50 ஹேட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 மீற்றர்; அதன் காற்பங்கு ஒன்றே முக்கால் மீற்றர். அத்தகைய அலைக்கு ஓர் அங்குல அட்டையோ மெல்லிய ஸ்பொஞ்சோ இல்லாததற்குச் சமம். அவை உயர்ந்த ஒலியில் ஒரு பகுதியை மட்டும் உறிஞ்சும். அதனால் ரெபிள் மங்கி, பேஸ் முன்னையிலும் கூடியதுபோல் தோன்றும். தீ பிடிக்கும் ஆபத்து வேறு. தாழ்ந்த ஒலியை உறிஞ்சக் கனமும் தடிப்பும் வேண்டும். வீட்டில் பழைய தும்பு மெத்தை இருந்தால், அதை மூலையில் குறுக்காக, பின்னால் இடைவெளி விட்டு நிமிர்த்தி வையுங்கள். 100 ஹேட்ஸுக்கு மேலுள்ள குமுறலில் வேறுபாடு தெரியும், 50இல் சிறிதளவே தெரியும். பணமில்லாமல் கிடைக்கும் மிகச் சிறந்த உறிஞ்சி திறந்த கதவுதான்; ஸ்பீக்கருக்கு எதிர்ப்புறத்துக் கதவையும் யன்னலையும் விரியத் திறந்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (சாவகச்சேரி வாசகர்): படம் பார்ப்பதற்காகச் சப்வூபரோடு (பேஸுக்கென்றே உள்ள தனிப் பெட்டி) கூடிய செற் ஒன்று வைத்திருக்கிறோம். எங்கள் ஹோலில் அது பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் ஒழுங்கைக்கு அப்பால் உள்ள வீட்டார் இரவில் தங்கள் சுவர் அதிர்கிறது என்று முறையிடுகிறார்கள். இடையில் 6 அடி மதிலும் இருக்கிறது. அவர்கள் மிகைப்படுத்துகிறார்களா?

பதில்: இல்லை, அவர்கள் சொல்வது முற்றிலும் சாத்தியம். உயர்ந்த ஒலியைச் சுவர் தடுத்துவிடும், தாழ்ந்த ஒலியை அந்த அளவுக்குத் தடுக்காது. எனவே பேச்சும் பாட்டும் உங்கள் வீட்டோடு நின்றுவிட, இடி மட்டும் அவர்கள் வீட்டுக்குப் போகிறது. 50 ஹேட்ஸ் ஒலியின் 23 அடி நீளமான அலைக்கு 6 அடி மதில் ஒரு தடையே அல்ல; சுற்றி வளைந்து போய்விடும். உங்கள் கதிரை பேஸ் மறையும் இடத்தில் இருந்தால் உங்களுக்கு ஒன்றும் தெரியாமலே அவர்களுக்கு எல்லாம் கேட்கும். ஒரு நாள் இரவு படத்தை ஓடவிட்டுவிட்டு நீங்களே அவர்கள் படலையடியில் போய் நின்று கேளுங்கள். அதன் பிறகு அவர்களோடு பேசுவது சுலபமாகும்.

செய்ய வேண்டியது சப்வூபரை மூலையிலிருந்து எடுத்து, நீங்கள் இருக்கும் கதிரைக்குப் பக்கத்தில், இரண்டு அடித் தூரத்தில் வைப்பது. அருகில் இருப்பதால் மிகச் சிறிய சத்தமே உங்களுக்குப் போதுமாகும். அறைக்கும் அயலுக்கும் போகும் அளவு தானாகக் குறையும். அங்கே வைக்க இடம் இல்லையென்றால் இன்னொரு முறை உண்டு: சப்வூபரைத் தற்காலிகமாகக் கதிரையின் மேல் ஏற்றி வைத்து, பேஸ் நிறைந்த ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நீங்கள் சுவரோரமாக முழங்காலில் தவழ்ந்து கேட்டுக்கொண்டு போங்கள், பேஸ் சமமாகவும் தெளிவாகவும் கேட்கும் இடத்தில் பின்னர் சப்வூபரை வைத்தால், கதிரையில் இருந்து கேட்கும்போதும் அதே ஒலியே கிடைக்கும். அதன் பின்புறத்திலுள்ள மீடிறன் குமிழை 80 ஹேட்ஸில் தொடங்குங்கள்; கூட வந்த சிறிய ஸ்பீக்கர்கள் உள்ளங்கை அளவினவாக இருந்தால் 120 வரை போக வேண்டிவரும். 0, 180 என்று ஒரு ஆளி இருக்கும். ஒருவர் அதை மாற்ற மற்றவர் கதிரையில் இருந்து கேட்டு, ஒலி நிறைவாக உள்ள பக்கத்தில் விட்டு, அதன் பின் சத்தத்தைக் குறையுங்கள். றிமோட்டில் இரவு நேரத்துக்குரிய தெரிவு இருந்தால் அதைப் பாவியுங்கள்; வெடிச்சத்தம் தணிந்து, பேச்சு மேலெழும். அந்த வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால், சப்வூபரின் ஆளியையே இரவு 9 மணிக்கு மேல் நிறுத்திவிடுங்கள் என்பது எனது தாழ்மையான வேண்டுகோள்.

கேள்வி (காரைநகர் வாசகர்): எனக்கு 68 வயது. பழைய பாட்டுகளையும் பண்ணிசையையும் கேட்பவன். சத்தத்தைக் குறைத்தால் பேஸ் இல்லை. கூட்டினால் பேஸ் சொற்களை விழுங்கிவிடுகிறது. பேரப்பிள்ளைகளோ ஒலி சரியாக இருக்கிறது என்கிறார்கள்.

பதில்: முதலில் உங்கள் அம்பிளிபயரில் லவுட்னஸ் என்ற பொத்தான் அமர்த்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிறிய சத்தத்தில் நமது காதுக்குத் தாழ்ந்த ஒலி மிகக் குறைவாகவே கேட்கும் என்பதை ஃபிளெச்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இல் அளந்து வெளியிட்டார்கள். மெல்லிய பேச்சளவு சத்தத்தில், 50 ஹேட்ஸ் ஒலி நடுத்தர ஒலிக்குச் சமமாகக் கேட்க வேண்டுமானால், 30 டெசிபெல்லுக்கும் மேல் வலுவாக இருக்க வேண்டும். அந்தக் குறையை ஈடுசெய்யவே லவுட்னஸ் பொத்தான் வைக்கப்பட்டது. இரவில் மெதுவாகக் கேட்கும்போது அது உதவும். சத்தத்தைக் கூட்டும்போது காது தானாகவே பேஸை நன்றாக ஏற்றுக்கொள்வதால், பொத்தானின் உதவி மிகையாகிவிடும். கூட்டினால் விடுங்கள், குறைத்தால் அமர்த்துங்கள்.

அடுத்து ஒவ்வொரு ஸ்பீக்கரின் சிறிய ரெபிள் கூம்புக்கும் அருகே காதை வைத்துக் கேளுங்கள். அது எரிந்து ஒலி நின்றுபோயிருந்தால், பேஸ் கூடாமலே கூடியதுபோல் தோன்றும். இது அடிக்கடி கவனிக்கப்படாமல் போகும் ஒரு குறை.

இரண்டும் சரியாக இருந்து, பேரப்பிள்ளைகளுக்குத் தெளிவாகவும் உங்களுக்கு மட்டும் மங்கலாகவும் இருந்தால், காதைப் பரிசோதிப்பது நல்லது. வயது ஏற ஏற உயர்ந்த மீடிறன்களைக் கேட்கும் ஆற்றல் முதலில் குறைகிறது. ச, ஸ, த, க போன்ற மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டும் கூர்மை அங்கேதான் உள்ளது. அதோடு வலுவான தாழ்ந்த ஒலி அதற்கு மேலுள்ள மெல்லிய ஒலிகளை மறைக்கும் இயல்புடையது. எனவே உங்களைப் பொறுத்தவரை பேஸை 3, 4 டெசிபெல் குறைத்து, ரெபிளைச் சிறிது கூட்டி, ஸ்பீக்கரின் சிறிய கூம்பு உங்கள் காதின் உயரத்துக்கு நேராக வரும்படி உயர்த்தி, இன்னும் இரண்டு அடி அருகே அமர்ந்து கேட்டால், தேவாரத்தின் சொல் முழுதாக வந்து சேரும். பிள்ளைகளுக்கு அது சற்று மெலிவாகத் தோன்றலாம். கேட்பவர் நீங்கள், உங்கள் காதுக்கே அமையுங்கள்.

கேள்வி (பருத்தித்துறை வாசகர்): 1980களில் வாங்கிய ஸ்பீக்கர் சோடி. அண்மைக் காலமாகப் பேஸ் தளர்ந்து, பெரிய சத்தத்தில் கொர கொரவென்று அடிக்கிறது. இதுவும் அறையின் குறையா?

பதில்: இது அறையின் குறை அல்ல. முன்பக்கத்துத் துணியைக் கழற்றி, பெரிய கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தைப் பாருங்கள். அக்காலத்துப் பெட்டிகள் பலவற்றில் அது ஸ்பொஞ்சால் ஆனது. வெப்பமும் ஈரமும் நிறைந்த நமது கரையோரக் காற்றில் அது வருடக் கணக்கில் இற்றுப்போகும். விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள். உதிர்ந்து கறுப்பாக விரலில் ஒட்டினால் வளையம் முடிந்துவிட்டது. கூம்பின் விளிம்பைப் பிடித்திருக்க ஒன்றும் இல்லாததால் அது கட்டுப்பாடின்றி ஆடுகிறது. அந்த நிலையில் தொடர்ந்து ஓடவிட்டால் உள்ளே இருக்கும் சுருள் காந்தத்தில் உரசி அறுந்துவிடும். ஆகவே இன்றே நிறுத்திவிடுங்கள். கூம்பும் சுருளும் நல்ல நிலையில் இருந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம். கூம்பின் விட்டத்தையும் வளையத்தின் உள்விட்டத்தையும் மில்லிமீற்றரில் அளந்து குறித்துக்கொண்டு, அந்த வேலையில் கைதேர்ந்த ஒருவரிடம் கொடுங்கள். றபர் வளையம் கிடைத்தாலும், பழைய கூம்புக்கு அது இறுக்கமாக இருந்து ஒலியை மாற்றிவிடக்கூடும் என்பதால், முன்னர் இருந்த அதே வகை ஸ்பொஞ் வளையத்தையே கேட்டு வாங்குங்கள்.